ஐந்து மார்க் பேசேஜ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பிளஸ் டூ படிக்கிறவன் பரீட்சைக்குப் படிக்காமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறானே என்று கேட்டால், இதுவும் படிப்புதான் என்று சமாளிப்பேன். :-)

விஷயம், இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன். அதாவது ஒரு பேசேஜ் கொடுத்து, கீழே கேள்வி கேட்பார்களே, அது.

எங்கள் பிளஸ் டூ இங்கிலீஷ் தாள் 90 மார்க்குக்கு. மீதி 10 பள்ளிக்கூடத்திலேயே போடுவது. 2018-19க்கு முன்னால் படித்த அண்ணன்கள் அக்காக்கள் எல்லாம் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு எழுதினார்கள். இப்போது ஒன்றுதான். அந்த 90-ல் இந்தப் பேசேஜுக்குக் கிடைப்பது வெறும் ஐந்து. ஐந்து மார்க்குக்காக யாரும் உயிரை விடமாட்டார்கள். கட்டுரையை மனப்பாடம் பண்ணலாம், செய்யுளை மனப்பாடம் பண்ணலாம், லெட்டர் ஃபார்மட்டை மனப்பாடம் பண்ணலாம். பேசேஜ் மட்டும் எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எங்கள் வகுப்பில் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "அது தானா வரும்டா" என்பான் என் பெஞ்சுக்காரன்.

உண்மையில் தானாகத்தான் வந்துகொண்டிருந்தது. பத்தாவதிலிருந்து எனக்கு அந்த ஐந்து மார்க் போனதே இல்லை. எப்படி என்று ரகசியத்தைச் சொல்கிறேன். கேள்வியில் இருக்கும் ஒரு பெரிய சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதே சொல் பேசேஜில் எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டும். அந்த வரியை அப்படியே எடுத்து எழுத வேண்டும். முடிந்தது. நாங்கள் இதற்கு "வரி பிடிக்கிறது" என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நம்பாதவர்கள் இதைத் தமிழிலேயே செய்து பாருங்கள். கீழே இருப்பது நான் சும்மா கட்டிவிட்டது.

"குரிம்பன் நேற்று சேலாடியை மட்டினான். அதனால் லொம்பர்கள் கோபம் கொண்டு தொலாவுக்குப் போனார்கள்."

கேள்வி 1: சேலாடியை மட்டியது யார்? கேள்வி 2: லொம்பர்கள் எங்கே போனார்கள்? கேள்வி 3: அவர்கள் ஏன் கோபம் கொண்டார்கள்?

மூன்றுக்கும் உங்களால் பதில் எழுத முடியும். மூன்றும் சரியாக இருக்கும். முழு மார்க். ஆனால் சேலாடி என்றால் ஆடா மாடா, மட்டுவது என்றால் அடிப்பதா கட்டிப்பிடிப்பதா என்று உங்களுக்கும் தெரியாது, கட்டிவிட்ட எனக்கும் தெரியாது. இப்படித்தான் நான் மூன்று வருடமாக இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எனக்கு "இங்கிலீஷ் நல்லா வரும்" என்று பெயர் வேறு.

சரி, அந்தப் பெயரால் வந்த வினையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அஞ்செட்டி பக்கம். தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டுக்குள்ளே மலை இறங்கி வந்தால் வரும். இப்படியே போனால் ஒகேனக்கல். அந்தப் பக்கம் காவிரி, காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகா. கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளையும். கேழ்வரகு முற்றும் நேரத்தில் யானையும் வரும். படித்து முடித்த பையன்களுக்கு ஒரே திசைதான், ஓசூர். வீட்டில் நாங்கள் பேசுவது கன்னடம், பக்கத்துத் தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். இங்கிலீஷ் என்பது எங்கள் ஊரில் மருந்துச் சீட்டிலும் உர மூட்டையிலும் கம்பெனிக் காகிதத்திலும் மட்டும் இருப்பது.

என் அண்ணன் ஐடிஐ முடித்தான். ஓசூரில் ஒரு கம்பெனியில் டிரெய்னியாக எடுத்தார்கள். கம்பெனி பெயர் வேண்டாம். ஒருநாள் இரண்டு பக்கக் காகிதம் ஒன்றைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு மறுநாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நேராக என்னிடம் நீட்டினான்.

"ஏன் பரெதிதெ தம்மா?"

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அப்போது நான் பிளஸ் ஒன். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரி பிடித்தேன். வேறென்ன தெரியும்? "டுவெல்வ் மன்த்ஸ்" தெரிந்தது. "எக்ஸ்டெண்டட்" தெரிந்தது. "இன் ரைட்டிங்" தெரிந்தது. மூன்றையும் கோத்து, "பன்னிரண்டு மாசம் முடிஞ்சதும் எழுத்து மூலமா நீட்டிச்சுக் கொடுப்பாங்களாம் அண்ணா" என்று கன்னடத்தில் சொன்னேன். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

அந்த வரியில் இன்னும் இரண்டு சொல் இருந்தது. ஒன்று "டெர்மினேட்டட்". இன்னொன்று "அன்லெஸ்". பன்னிரண்டு மாதம் முடிந்ததும் வேலை தானாகவே நின்றுவிடும், கம்பெனி எழுத்து மூலம் நீட்டித்தால் ஒழிய. இதுதான் அந்த வரி. நான் "நின்றுவிடும்" என்பதைத் தாண்டிப் போய், "நீட்டித்தால்" என்பதை "நீட்டிப்பார்கள்" ஆக்கிவிட்டேன்.

அண்ணன் அந்த வருடம் நடுவில் ஒரு பைக் எடுத்தான், மாதத் தவணையில். இரண்டாவது வருடமும் சம்பளம் வரும் என்ற கணக்கு. இன்னொரு இடத்திலிருந்து கூப்பிட்டபோது, இங்கேயே நீட்டிப்பார்கள் என்று வேண்டாம் என்றுவிட்டான். பன்னிரண்டாவது மாதம் முடிந்ததும் கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அவனோடு சேர்ந்தவர்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் நீட்டிப்புக் கடிதம் வந்ததாம். கம்பெனி பொய் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் செய்தார்கள். பொய்யான விஷயம் ஒன்றே ஒன்றுதான், அது நான் சொன்னது.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "சின்னப் பையன்கிட்டே கொடுத்தது என் தப்பு" என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் உண்மையிலேயே பேசேஜ் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்குப் போட்டேன். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, சுமார் 250 சொல் இருந்த பேசேஜில், அர்த்தம் நிச்சயமாகத் தெரியாத சொல்லையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் நேர்மையாகப் போட்டேன். 41 வட்டம். நூற்றுக்கு 16. மிச்சம் 84 தெரியும். அடேயப்பா, 84 சதவீதம் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். நியூசிலாந்தில் பால் நேஷன் என்ற பேராசிரியர், 2000-ஆம் ஆண்டில் இன்னொருவரோடு சேர்ந்து செய்தது. யார் உதவியும் அகராதியும் இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்து படிக்க, அதில் இருக்கும் 100 சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டுமாம். 250 சொல் பேசேஜில் ஐந்துக்கு மேல் தெரியாமல் இருக்கக்கூடாது. எனக்கு 41. ஆனால் மார்க் ஐந்துக்கு ஐந்து. சேலாடி, லொம்பர்கள் ஞாபகம் வருகிறதா?

சரி, சொல் தெரியவில்லை, சொல் படித்தால் போதும் என்று அகராதியை எடுத்தேன். ஒரு நாளைக்கு இருபது சொல். இரண்டு வாரம் போனது. பெரிய பெரிய சொல்லாகச் சேர்ந்தது. ஆனால் அந்தப் பழைய காகிதத்தின் ஜெராக்ஸை எடுத்து மறுபடி படித்தபோதுதான் உறைத்தது, என்னைக் கவிழ்த்தது பெரிய சொல் அல்ல, சின்னச் சொல்.

இஃப், அன்லெஸ், தோ, ஹார்ட்லி, அதர்வைஸ், டில், மே, ஷேல். இதையெல்லாம் நான் ஆறாவதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துப் பார்த்தே தெரியும் என்று நினைத்துவிட்டேன். 41 வட்டத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு வாக்கியத்தைத் தலைகீழாக்குவது இவைதான். பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றாவது தெரியும். சின்னச் சொல் தெரியாவிட்டால் எல்லாம் புரிந்துவிட்ட மாதிரியே இருக்கும்.

இது ஏன் என்று நானும் மிஸ்ஸும் பேசினோம். தமிழில் இந்த வேலையைத் தனிச் சொல் செய்வது குறைவு. வினையின் வால்தான் செய்கிறது. வந்தால், வந்தாலும், வராவிட்டால், வராவிட்டாலும். நான்கும் ஒரே வினை, வால்தான் வேறு. கன்னடத்திலும் அப்படித்தான், பந்தரெ, பந்தரூ. அந்த வால் வரும் வரை நம் மூளை காத்திருக்கும். முடிவு எப்போதும் கடைசியில் வரும் என்று பழகிவிட்டோம். இங்கிலீஷ் ஆள் என்ன செய்கிறான்? முடிவை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் "அன்லெஸ்" என்று போட்டு நிபந்தனையைக் கடைசியில் தொங்கவிடுகிறான். கடைசியில் இருப்பதுதான் முடிவு என்று பழகிய நான், தொங்குவதைப் பிடித்துக்கொண்டு முடிவை விட்டுவிட்டேன்.

இதை மிஸ்ஸிடம் சொன்னபோது அவர் ஒரு பழைய கதை சொன்னார். 1920-களில் மைக்கேல் வெஸ்ட் என்று ஒரு இங்கிலீஷ்காரர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்தாராம். வங்காளப் பையன்கள் வருடக்கணக்கில் இங்கிலீஷ் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாங்களே படிக்க முடியவில்லை என்று பார்த்து, இவர்களுக்கு முதலில் வேண்டியது பேச்சு அல்ல, படித்துப் புரிந்துகொள்வது என்று 1926-ல் எழுதினார். புதுச் சொற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் நுழைத்துப் பாடப்புத்தகம் போட்டார். 1953-ல் அவர் வெளியிட்ட பட்டியலில் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள். அன்லெஸ்ஸும் தோவும் அந்த இரண்டாயிரத்துக்குள்ளேயே அடக்கம். நூறு வருடத்துக்கு முன்னால் டாக்காவில் உட்கார்ந்து ஒருவர் கவலைப்பட்டது அஞ்செட்டியில் என் தலையில் விடிந்திருக்கிறது.

இனி நான் செய்த பயிற்சி. இதுதான் உபயோகமான பகுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயிற்சி, பேசேஜில் சின்னச் சொல்லுக்கு மட்டும் வட்டம். வட்டம் போட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் கன்னடத்தில் அம்மாவிடம் சொல்வேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதுதான் வசதி. "அர்த்த ஆய்த்தா?" என்று நான் கேட்க வேண்டியது போய், அம்மா என்னைக் கேட்பார், "நினகெ அர்த்த ஆய்த்தா?" உனக்குப் புரிந்ததா? பாதி நேரம் இல்லை. வரி பிடித்து எழுதுகிறவனை மிஸ் விட்டுவிடலாம், அம்மா விடமாட்டார். "யார் யாரை? எதுக்கு? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே கேழ்வரகைப் புடைப்பார்.

இரண்டாவது பயிற்சி சீனாவிலிருந்து வந்தது. நம்மூர் பிளஸ் டூ மாதிரி அங்கே ஜூன் மாதத்தில் காவ்காவ் என்று ஒரு தேர்வு. 2024-ல் ஒரு கோடியே 34 லட்சம் பேர் அதற்குப் பதிந்தார்கள். நம் தமிழ்நாட்டில் அந்த வருடம் பிளஸ் டூ எழுதியவர்கள் ஏழரை லட்சத்துச் சொச்சம். அங்கே இங்கிலீஷுக்கு 150 மார்க். அதில் இப்போது பல மாகாணங்களில் எழுதும் தாளில், பேசேஜ் படித்துப் பதில் சொல்வதற்கு மட்டும் 50. நமக்கு 5! அங்கே இருக்கும் ஒரு மலைக்கிராமத்துப் பையன், வீட்டில் ஒரு பேச்சு, பள்ளியில் ஒரு பேச்சு, தேர்வில் இங்கிலீஷ் என்று, என்னை மாதிரியே ராத்திரி உட்கார்ந்து வட்டம் போட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் துணையாக இருக்கும்.

அந்தத் தேர்வில் "ஏழில் ஐந்து" என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. பேசேஜில் ஐந்து வாக்கியத்தை எடுத்துவிடுவார்கள். கீழே ஏழு வாக்கியம் இருக்கும். சரியான ஐந்தை எடுத்து சரியான இடத்தில் வைக்க வேண்டும். இரண்டு கள்ள வாக்கியம். இதில் வரி பிடிக்கவே முடியாது. முன்னால் என்ன சொன்னான், பின்னால் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்தால்தான் நடுவில் இருப்பது தெரியும். நானும் என் பெஞ்சுக்காரனும் இதை நாங்களே செய்துகொண்டோம். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தை எழுதி, ஐந்து வாக்கியத்தைத் தனித்துண்டாக வெட்டி, நாமே இரண்டு கள்ள வாக்கியம் எழுதிச் சேர்த்து மாற்றிக்கொள்வது. கள்ள வாக்கியம் எழுதுவதுதான் கஷ்டம். உண்மை மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பொருந்தக்கூடாது. அதை எழுதும்போதுதான் மற்ற வாக்கியங்கள் ஏன் பொருந்துகின்றன என்று புரிந்தது.

அப்படி வெட்டியதில் எங்களுக்கு ரொம்பச் சுலபமாக வந்தது "தி சேர்". கி.ராஜநாராயணனின் "நாற்காலி" கதை, இங்கிலீஷில். ஊரில் ஒரு வீட்டில் நாற்காலி செய்கிறார்கள், பிறகு அது செத்தவர்களை உட்காரவைக்க இரவல் போகிறது என்ற கதை. இந்தக் கதையில் தெரியாத சொல் நிறைய இருந்தும் ஏழில் ஐந்தும் சரியாக வைத்தோம். அதே புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல் டீ போடுவது எப்படி என்று எழுதிய கட்டுரை, 1946-ல் எழுதியது, டீக்குப் பதினொரு விதி. ஆர்வெல் பிறந்ததே நம் பீகாரில், மோதிஹாரியில்தான். டீ தெரியாதா நமக்கு? ஆனால் அதில் தடுமாறினோம். டீயில் சர்க்கரையே போடக்கூடாது என்கிறார் மனிதர். அப்படி ஒருவர் சொல்வார் என்று நம் மூளை எதிர்பார்க்கவே இல்லை, அதனால் கண் அந்த வரியை மாற்றிப் படித்தது!

இதற்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. 1988-ல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர், 64 பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பேசேஜைக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் பாதி, சுமாராகப் படிக்கிறவர்கள் பாதி. இரண்டு பக்கத்திலும் பேஸ்பால் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. படித்ததை மரப்பொம்மையை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். பேஸ்பால் தெரிந்த சுமார் மாணவர்கள், பேஸ்பால் தெரியாத நல்ல மாணவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எங்கள் வகுப்பில் கிரிக்கெட் பேசேஜ் வந்த அன்று கடைசி பெஞ்ச் முழுக்க ஐந்துக்கு ஐந்து வாங்கியது. அப்போது மிஸ் "யாரைப் பார்த்து எழுதினீங்க?" என்று கேட்டார். இப்போது கேட்கமாட்டார். :-)

இதைச் சோதித்துப் பார்க்க நான் ஒரு பேசேஜ் எழுதி வகுப்பில் படித்தேன். கீழே பாருங்கள்.

"முதலில் ஒரு பகுதியை நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகு இன்னொரு பகுதியை நடுவில் குவிக்க வேண்டும், உடனே தொடக்கூடாது. பொறுமை இல்லாதவர்களுக்குக் கட்டிகள் தோன்றும். பிறகு பலம் தேவைப்படும். சிலர் காலையும் பயன்படுத்துவார்கள். முடிவில் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உருவம் வராது."

எல்லாச் சொல்லும் தெரிந்த தமிழ். ஆனால் ஓசூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பையன் ஏதோ ரசாயனப் பரிசோதனை என்றான். ஒருத்தி பானை வனைவது என்றாள். "தலைப்பு: களி கிண்டுவது" என்று சொன்னதும் வகுப்பே சிரித்தது. மறுபடி படித்தால் ஒவ்வொரு வரியும் புரிகிறது. 1972-ல் பிரான்ஸ்ஃபோர்ட், ஜான்சன் என்ற இரண்டு பேர் துணி துவைப்பதைப் பற்றி இதே மாதிரி ஒரு பேசேஜ் எழுதித் தலைப்புச் சொல்லாமல் படிக்கக் கொடுத்தார்களாம். ஆட்களுக்குப் புரியவும் இல்லை, ஞாபகம் இருக்கவும் இல்லை. நான் துணியைக் களியாக மாற்றினேன், அவ்வளவுதான்.

அதனால் மூன்றாவது பயிற்சி, தெரிந்த கதையை இங்கிலீஷில் படிப்பது. எனக்குக் கிடைத்தது ராஜாஜியின் மகாபாரதம், 1951-ல் வந்த இங்கிலீஷ் புத்தகம். ராஜாஜி யாரோ தூரத்து ஆள் என்று நினைக்காதீர்கள், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர். எங்கள் மாவட்டத்துக்காரர், ஓசூரில் பள்ளிக்கூடம் போனவர். சின்னச் சின்ன அத்தியாயம், சின்னச் சின்ன வாக்கியம். எங்கள் ஊர்ப் பக்கம் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்த கதை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும் என்பதால், அந்தத் தெரியாத சொல் இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கலாம். கேழ்வரகுக் காட்டில் பரண் மேல் அப்பாவுடன் யானைக் காவலுக்குப் போகும் ராத்திரிகளில் இதைத்தான் படித்தேன். டார்ச் எரிந்தால் யானை வராதாம், அப்பாவுக்கும் சந்தோஷம். (வந்தது. அது வேறு பதிவு.)

ஆனால் ஒன்று. தெரிந்ததை மட்டுமே படித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. நமக்குத் தெரிந்ததைப் பக்கத்தின் மேல் எழுதிவிட்டு, அதையே படிப்போம், ஆர்வெல்லின் சர்க்கரை மாதிரி. அண்ணன் காகிதத்தில் நான் செய்ததும் அதேதானே? நீட்டிப்பார்கள் என்று வீட்டில் எல்லோரும் ஆசைப்பட்டோம். நான் அந்த ஆசையைத்தான் படித்தேன். ஊகிக்க வேண்டும், ஆனால் ஊகித்ததைப் பக்கத்தோடு ஒத்துப் பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வேடிக்கை. கன்னடத்தில் "ஏன்" என்றால் "என்ன". தமிழில் "ஏன்" என்றால் காரணம் கேட்பது. சின்ன வயதில் தமிழ் வகுப்பில் "ஏன்?" என்று கேட்டால் நான் "என்ன" என்பதற்குப் பதில் சொல்லி அடி வாங்கியிருக்கிறேன். பேசேஜ் கேள்விகளை எடுத்துப் பார்த்தால், நாங்கள் பிடித்த வரியெல்லாம் "என்ன"வுக்குத்தான். "ஒய்" என்று கேட்டாலும் என்னவைத்தான் எழுதி வைத்தோம். மிஸ்ஸுக்கு இந்தக் கன்னடக் கதையைச் சொன்னதிலிருந்து, என் பேப்பரில் அந்தத் தப்பு வந்தால் சிவப்பு மையில் "ஏன்!" என்று மட்டும் எழுதுகிறார். எந்த ஏன் என்று சொல்வதில்லை.

போன மாதம் அண்ணனுக்கு இன்னொரு இடத்தில் கூப்பிட்டார்கள். மறுபடி காகிதம். இந்தத் தடவை மூன்று பக்கம். மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். என்னிடம் நீட்டவில்லை. அம்மாதான் எடுத்து என் கையில் கொடுத்தார்.

பென்சிலை எடுத்தேன். சின்னச் சொல்லுக்கெல்லாம் வட்டம். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பெரிய சொல் ஏழுக்கு அகராதி பார்த்தேன். அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன். "டெர்ம் முடிஞ்சதும் வேலை கொடுக்கிற இடத்துல 'மே'ன்னு போட்டிருக்கு அண்ணா. கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். நீ நடுவுல நின்னா பணம் கட்டணும்ங்கிற இடத்துல மட்டும் 'ஷேல்'. அது கட்டியே ஆகணும்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான், "எவ்வளவு கட்டணும்?" அதுவும் இருந்தது, மூன்றாம் பக்கத்தில், ஒரு மாதச் சம்பளம். "யாரு முடிவு பண்றது, வேலை கொடுக்கிறதா இல்லையான்னு?" அதுவும் இருந்தது, கம்பெனி விருப்பம். அம்மா கேட்கிற மாதிரியே கேட்டான். ஒவ்வொன்றுக்கும் வரியில் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் "தெரியலை, நாளைக்கு மிஸ்கிட்டே கேட்டுச் சொல்றேன்" என்றேன். முன்னால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருந்தால் பைக் தவணை மிஞ்சியிருக்கும்.

மிஸ் பார்த்துச் சொன்னார். கூடவே, அப்ரண்டிஸ் என்று போட்டிருந்தால் அதற்கு 1961-ல் வந்த தனிச் சட்டமே இருக்கிறது, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்திலும் இல்லை, 2014-ல் திருத்தி, எடுப்பதற்கு ஒவ்வொரு கம்பெனியும் தானே ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று வைத்தார்கள் என்றும் சொன்னார். "அந்தக் கொள்கை என்னன்னு உங்க அண்ணனைக் கேக்கச் சொல்லு" என்றார். அண்ணன் கேட்டான். இது அப்ரண்டிஸ் இல்லை, டிரெய்னிதான் என்றார்களாம். எழுதிக் கொடுக்கவும் இல்லை.

கடைசியில் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான். சினிமா மாதிரி காகிதத்தைக் கிழித்துப் போட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓசூரில் வேறு வேலை இருந்தால்தானே? ஆனால் இந்தத் தடவை தவணையில் எதுவும் வாங்கவில்லை. வேறு இடத்திலும் மனுப் போட்டுக்கொண்டிருக்கிறான். முடியும் தேதியைக் காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான், நான் அன்லெஸ்ஸுக்குப் போடுகிற மாதிரி.

மார்ச்சில் எனக்குப் பரீட்சை. மணி பத்துக்குக் கேள்வித்தாள் கொடுத்து, எழுத ஆரம்பிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் வெறுமனே படிக்க விடுவார்கள். எல்லோரும் அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கட்டுரை வந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நான் முதலில் பேசேஜைத்தான் பார்ப்பேன். ஐந்து மார்க் வருமா என்று சத்தியமாகத் தெரியாது. புரிந்து எழுத ஆரம்பித்த பிறகு மாதிரித் தேர்வில் நாலு, மூணரை என்றுதான் வருகிறது. வரி பிடித்த காலத்தில் ஐந்து வந்தது! என் பெஞ்சுக்காரன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

சரி, ரொம்ப நேரமாகிவிட்டது, அம்மா விளக்கை அணைக்கச் சொல்கிறார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

பி.கு: வீட்டில் யாராவது இங்கிலீஷ் காகிதம் கொண்டுவந்து நீட்டினால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஒருநாள் அவகாசம் கேளுங்கள். வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. பைக் தவணை இன்னும் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.